மேவிஸைக் கேட்காமல் கைமாறிய துப்பாக்கி

விற்றிருக்கக் கூடாத துப்பாக்கி ஒன்று அந்த ஊரில் எல்லா ஆண்களுக்கும் உண்டு. கையில் இல்லாத துப்பாக்கி குறியே தப்பாது. பெட்ரோல் பங்கின் காபி மேசையைச் சுற்றி உட்கார்ந்து, விடிந்தும் விடியாததுமாக இந்த ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். ஹார்வி தன் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பனிவண்டி வாங்கினான். அந்தக் குளிர்காலமே ஏரியில் பனிக்கட்டி உடைந்து வண்டி தண்ணீருக்குள் போய்விட்டது.

"பொண்டாட்டி விட்டுட்டுப் போனப்பகூட நீ இப்படி அழலடா," என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"அவதான் திரும்பி வந்துட்டாளே. துப்பாக்கி வந்துச்சா?"

மேசையே சிரித்தது. லைல் ஆஸ்ட்பியும் சிரித்து வைத்தார். பால் டாங்கர் ஓட்டி ஓய்வு பெற்றவர். விஸ்கான்சினின் வடக்கே ஒரு பண்ணைப் பாதை விடாமல் ஓட்டியிருக்கிறார். மாடுகளோடும் ரேடியோவோடும் பேசியே காலத்தைக் கழித்தவர், மனிதர்களோடு பேச்சு கொஞ்சம் கம்மி. தன் துப்பாக்கிக் கதையை அவர் அந்த மேசையில் சொன்னதே இல்லை. சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அது அவருடைய துப்பாக்கியே அல்ல, அவர் மனைவி மேவிஸுடையது. மேவிஸ் குள்ளம். கல்யாணமான புதிதில், லைல் வாங்கிக் கொடுத்த லீவர் துப்பாக்கி தோளில் பொருந்தாமல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. லைல் அதன் தோளில் பதியும் மரக்கட்டையைப் பட்டறையில் வைத்து அறுத்தார். கொஞ்சம் அறுப்பார், அவளைத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்வார், மறுபடி அறுப்பார். சரியாக வந்ததும் அவள், "இப்ப இது வேற யாருக்கும் ஆகாது," என்று திருப்தியோடு சொன்னாள். அதன் பிறகு ஒவ்வொரு நவம்பரும் இருவரும் சேர்ந்தே மான் வேட்டைக்குப் போனார்கள். புருஷன் சுட்டதைவிட அவள் சுட்ட மான்கள்தான் அதிகம். இது ஊரறிந்த விஷயம்.

போன குளிர்காலத்தில் மேவிஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. கை இனித் தேறாது என்று டாக்டர் சொன்னார். வீட்டில் வைத்துப் பார்க்க லைலால் முடியவில்லை. பக்கத்து டவுனில் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்.

மார்ச்சில் கண்காட்சி மைதானத்துக் கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை போட்டார்கள். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்கு அங்கே போகலாம் என்று கிளம்பியவர், ஏன் அந்தத் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போனார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. கதவுக்கு மேலே மாட்டியிருந்த அதைக் கடந்து போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார், அது உண்மை. டெல்மர் என்ற வியாபாரி, தொலைநோக்கி பொருத்திய புதுத் துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். நல்ல பேரம் என்று எல்லாரும் சொன்னார்கள். லைலும் வீடு வந்து சேரும்வரை அப்படித்தான் நினைத்தார்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேவிஸைச் சக்கர நாற்காலியில் வைத்து மத்தியானத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தார். உள்ளே வந்ததும் அவள் கதவுக்கு மேலே பார்த்தாள்.

"என்னுது எங்க?"

"மாத்திட்டேன், மேவிஸ். டெல்மர்கிட்ட."

"எப்ப?"

"மார்ச்ல."

மார்ச்சில் அவள் நாக்கைத் திருப்பி அவருடைய பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டிருந்தாள்.

"நான் செத்துட்டேன்னு யாராவது வந்து சொன்னாங்களா உனக்கு?"

அதற்குப் பிறகு பேச்சு நின்றது. தினமும் போவார். சாப்பிட்டியா என்றால் ம், குளிருதா என்றால் இல்ல. மற்றபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லைல் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வருவார். இந்த உலகத்தில் அவரோடு முழு வாக்கியமாகப் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். அவளும் நிறுத்திவிட்டபின் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. துப்பாக்கியைத் திரும்பக் கொண்டுவந்தால் பேசுவாள் என்று அவர் நம்பினார். அதை விட்டால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

டெல்மருக்கு நினைவிருந்தது. "அந்தக் குட்டைக் கட்டையா? கர்ட்னு ஒருத்தன், பொண்டாட்டிக்குன்னு வாங்கிட்டுப் போனான். சதுப்பு நிலம் தாண்டிப் பச்சைக் கூரை வீடு."

லைல் மறுநாளே போனார். கர்ட் கொட்டகையில் பனி தள்ளும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அது என் வீட்டுக்காரியோட துப்பாக்கி. அவளுக்காக நான்தான் கட்டைய அறுத்தேன்."

கர்ட் தொப்பியைக் கழற்றினான். "அடடா. எப்ப தவறுனாங்க?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"மார்ச்ல," என்றார் லைல்.

சொல்லும்போது நாக்கு கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"டார்லா வேலைக்குப் போயிருக்கா. கோடை பூரா அத வெச்சுத்தான் சுட்டுப் பழகினா. இந்த நவம்பர்தான் அவளுக்கு மொத வேட்டை," என்று கர்ட் தலையைச் சொறிந்தான். "பரவால்ல, நான் சொல்லிக்கறேன். உங்களுக்கு இது எவ்வளவு முக்கியம்னு தெரியுது."

லைல் புதுத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியெல்லாம் மேவிஸ் என்ன சொல்வாள் என்பதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பராமரிப்பு இல்லத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோக முடியாது. வாசலிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வெயில் நன்றாக அடித்த ஒரு நாள், காற்று வாங்கக் கூட்டிப்போகிறேன் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, மேவிஸை வண்டிகள் நிற்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். தன் பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தார். இருக்கையில், கம்பளியின் மேல் அது கிடந்தது.

மேவிஸ் இடது கையை அதன் மேல் வைத்தாள். கட்டையைத் தடவினாள். அவள் முகம் இளகுவதை லைல் பார்த்தார்.

"இந்தக் கீறல் என்னுது இல்ல."

"அது அந்தப் பொண்ணு போட்டதா இருக்கும். டார்லா. உன் உயரம்தான் இருப்பா போல."

"போலன்னா? நீ பாக்கல?"

"வேலைக்குப் போயிருந்தா. அவ புருஷன் குடுத்தான்."

மேவிஸ் கையை எடுத்துவிட்டாள்.

"அவளக் கேட்டானா?"

லைலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல."

"என்னக் கேட்டிருந்தா நானே குடுத்துடுன்னு சொல்லியிருப்பேன், லைல். இந்தக் கைய வெச்சுகிட்டு நான் எந்த மானைச் சுடப் போறேன்? நீ கேக்கல. அவ்வளவுதான் விஷயம். இப்ப போய் இன்னொருத்திக்கும் அதையே பண்ணிட்டு வந்திருக்க." செப்டம்பருக்குப் பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். "கொண்டுபோய் குடு. அவ கையில குடு. புருஷன்கிட்ட குடுத்துட்டு ஓடியாந்துடாத."

சாயங்காலம் பச்சைக் கூரை வீட்டின் கதவைத் திறந்தது டார்லா. பாலாடைக்கட்டி ஆலைச் சீருடை. லைலின் மார்புயரம்கூட இல்லை. துப்பாக்கியை வாங்கியதும் லீவரைத் தள்ளி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டாள். யார் கொடுத்தாலும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஒரு வாரமா இவரோட நான் பேசல," என்று பின்னால் சாப்பாட்டு மேசையிலிருந்த கர்ட்டைக் காட்டினாள். "ஆனா உங்க மேல கோவப்பட முடியல. பாவம், மனைவி போயிட்டாங்கன்னு இவர் சொன்னாரு."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். லைலின் கால் ஒருமுறை படிப் பக்கம் திரும்பியும்விட்டது.

"அவ போகல," என்றார். "உயிரோடதான் இருக்கா. நடக்க முடியல, கை வராது. அவதான் இத உங்க கையில குடுக்கச் சொன்னா."

கர்ட் மெல்லுவதை நிறுத்தினான். டார்லா லைலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கர்ட், அவரோடத எடுத்துக் குடு," என்றாள். புதுத் துப்பாக்கி லைலின் கைக்கு வந்ததும், "உங்க மனைவிகிட்ட நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க. உங்களுக்கு இல்ல," என்று கதவைச் சாத்தினாள்.

வீட்டில் டப்பா உணவைத் திறந்து, சூடாக்காமல், பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடியே தின்றார். மார்ச்சிலிருந்து இப்படித்தான் தின்கிறார். கட்டிலின் நடுவில்தான் தூங்குகிறார். அண்டை வீட்டார் சாவு வீட்டுக்குக் கொண்டுவருவது போலச் சமைத்துக் கொண்டுவந்தபோது வாங்கி வைத்துக்கொண்டார். மேவிஸ் இருபது நிமிட தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, இவர் அவளுக்கான துக்கத்தை முடித்து எழுந்தும்விட்டார். கர்ட்டிடம் சொன்ன பொய் அதனால்தான் அவ்வளவு சுலபமாக வந்தது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அதைச் சொல்லக்கூட அந்த வீட்டில் ஆளில்லை.

மறுநாள் மேவிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். கர்ட் கேட்டதையும் தான் சொன்ன பதிலையும்கூட. அவள் காலில் கிடந்த செருப்பைக் குனிந்து பார்த்தாள்.

"பயிற்சியில கம்பியப் பிடிச்சு நடக்கச் சொல்றாங்க," என்றாள். "இந்தச் செருப்பு வழுக்குது. என் பூட்ஸ நாளைக்கு எடுத்துட்டு வா."

லைல் தொப்பியை உருட்டினார்.

"அத சர்ச்சுல தானம் போடற பெட்டியில போட்டுட்டேன், மேவிஸ். ஏப்ரல்ல."

"கோட்டு?"

"அதுவும்தான்."

மேவிஸ் கண்ணை மூடினாள். வராண்டாவில் யாரோ சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அப்ப புதுசு வாங்கு."

"இன்னைக்கே வாங்கறேன்."

"என்ன அளவுன்னு தெரியுமா?"

லைல் துப்பாக்கிக் கட்டையில் எவ்வளவு அறுத்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவள் காலின் அளவு அவருக்குத் தெரியவில்லை.

"தெரியலன்னா கேளு," என்றாள் மேவிஸ்.

அவர் கேட்டார்.