ரெண்டு நிமிஷம்

முகத்துக்கு நேரே அவரை எல்லாரும் சிஸ்டர் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘ரெண்டு நிமிஷம்’. குறைமாதக் குழந்தைகள் வார்டில் இந்தப் பெயர் வசவாகத்தான் புழங்கியது. எனக்கு அது சாமி பெயர் மாதிரி.

என் மகன் இன்குபேட்டருக்குள் உள்ளங்கை நீளத்துக்குக் கிடந்தான். லேப்காரர் வந்து அவன் குதிகாலில் ஊசி குத்தினார். சத்தமே இல்லை.

“சமத்துப் பிள்ளை. வலியே தெரியல பாருங்க,” என்றார். பெற்றவளுக்கு அதை நம்பத்தான் ஆசை.

பக்கத்தில் நின்ற சிஸ்டர் பாய்ந்துவிட்டார். “அழறதுக்குத் தெம்பு வேணாமா? கண்ணைக் கட்டியிருக்கு, கன்னம் பூரா பிளாஸ்திரி, வாயில குழாய். எந்த மூஞ்சியப் பார்த்துச் சொல்றீங்க? கையப் பாருங்க.”

பார்த்தேன். அந்தக் குட்டி விரல்கள் விரிந்து விறைத்து நின்றன. மேலே திரையில் இதயத் துடிப்பு எகிறிக்கொண்டிருந்தது.

அதன்பின் சிஸ்டர் விடவில்லை. வலி குறைய நாக்கில் சர்க்கரைத் தண்ணீர், பிறகு ரெண்டு நிமிஷம் பொறுக்கணும், அப்புறம்தான் ஊசி.

“இன்னும் எத்தனை பிள்ளைங்க இருக்கு, சிஸ்டர்,” என்று அலுத்துக்கொண்டார் லேப்காரர்.

“அதுங்களுக்கும் ரெண்டு நிமிஷம்தான். நான் மாமியாருக்கே பயந்ததில்ல, உங்களுக்கா?”

வேலை இழுக்கிறது என்று மேலே புகார் போனது. சிஸ்டரை வெளிநோயாளிகள் பக்கம் தூக்கிப் போட்டார்கள். போகும்முன் என்னைக் கை கழுவச் சொல்லி, ஊசி குத்தும்போது ஒரு கையால் மகனின் தலையை அணைக்கவும் மறு கையால் கால்களை மடக்கிப் பிடிக்கவும் பழக்கினார்.

“நீங்க போயிட்டா யாரு சிஸ்டர் கேட்பாங்க?” என்றேன்.

“என்னை மாத்திட்டாங்க. பெத்தவ நீ, உன்னை எந்த வார்டுக்கு மாத்துவாங்க?”

மறுநாள் காலை லேப்காரர் வந்தார். நான் உள்ளே கையை விட்டு மகனின் குதிகாலைப் பொத்திக்கொண்டேன்.

“கைய எடுங்கம்மா, நேரமாச்சு.”

“முதல்ல சர்க்கரைத் தண்ணி குடுக்கட்டும். அப்புறம் ரெண்டு நிமிஷம்.”

“அந்த சிஸ்டர் சொல்லிக் குடுத்ததா?”

“ஆமா. போய்ப் புகார் குடுங்க.”

முணுமுணுத்தபடி நின்றார். புது சிஸ்டர் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து சொட்டுவிட்டாள். காத்திருந்தோம். குதிகாலை விட்டு, சிஸ்டர் பழக்கியபடி மகனை அணைத்துப் பிடித்தேன். ஊசி இறங்கியது. துடிப்பு கொஞ்சம் ஏறி இறங்கியது. விரல்கள் விறைக்கவில்லை.

வாசல் தாண்டியதும் அவர் யாரிடமோ புலம்பியது காதில் விழுந்தது.

“ரெண்டு நிமிஷம் போயிட்டாங்கன்னு பார்த்தா, உள்ள இன்னொரு ரெண்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கு.”