எறும்பு மாதிரி இருந்த வண்டு

ஈப்போவில் நான் இருக்கும் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை ஒரு படம் வந்தது. யாருடைய கையோ, சூடு இழுத்ததுபோல் ஒரு சிவந்த கோடு. கீழே, 'சார்லி எறும்பு, ஜாக்கிரதை' என்று எச்சரிக்கை. இந்த வயதில் எனக்கு மிஞ்சியிருக்கும் வேலை பிறரைத் திருத்துவதுதான். உடனே எழுதத் தொடங்கினேன். அது எறும்பல்ல, வண்டு. அரிசியைவிடச் சற்றே நீளம். தலையும் வால்நுனியும் கறுப்பு, மற்ற இடம் ஆரஞ்சு, முதுகில் மட்டும் நீலக்கறுப்பில் அரைச்சட்டை போட்டதுபோல் குட்டையான சிறகுறை. வயலோரச் சேற்றிலும், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மட்கும் மட்டைகளுக்கடியிலும் வாழும். விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும். கடிக்காது. மேலே ஊரும்போது நாம் நசுக்கினால்தான் அதன் நீர் பட்டுத் தோல் வெந்துபோகும். அதுவும் மறுநாள்தான் தெரியும்.

எழுதியதை அனுப்பாமல் அழித்துவிட்டேன். 'அங்கிளுக்கு எவ்வளவு தெரியுது!' என்று யாராவது பாராட்டியிருப்பார்கள். அதை என்னால் தாங்க முடியாது.

பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் நான் டிரெஸராக, புண்ணுக்கு மருந்து போடுகிறவனாக, இருந்தேன். டாக்டர் மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் நானே டாக்டர். வெள்ளைக் காற்சட்டையின் மடிப்புக் கலையாமல் உட்காரப் பழகியிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு அடுத்ததே பால் கொட்டாய். ரப்பர் பாலை உறையவைக்கும் ஆசிட்டின் காட்டம் என் மேசைவரை வரும். அந்த வாடையே என் புத்தியைக் கெடுத்தது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ரோசம்மா வந்தாள். கழுத்தில் வெந்த கோடு. அவள் புருஷன் சூசை பால் கொட்டாயில் ஆசிட் கலக்குகிறவன். முந்தின வாரம் இருவரும் போட்ட சண்டை தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கக் கேட்டது.

"சூசை ஆசிட் ஊத்தினானா?"

அவள் சிரித்துவிட்டாள். "அவரா? கோழி அறுக்கக்கூட என்னத்தான் கூப்பிடுவாரு லா, டிரெஸரய்யா. எறும்பு மாதிரி ஒண்ணு ஊருச்சு, தேச்சுவிட்டேன்."

"எறும்பு கடிச்சா இப்படியா ஆகும்? எனக்கே பாடம் சொல்றியா?"

முழங்கை மடிப்பையும் காட்டினாள். மடக்கினால் ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு புண்கள். ஊற்றிய ஆசிட் அப்படிப் படாது. அதை யோசிக்க எனக்குப் பொறுமையில்லை. தோட்டத்து மேலாளரான துரைக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். அங்கே டிரெஸர் எழுதினால் துரை மறுகேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுவார். மறுநாளே சூசைக்கு வேலை போனது. தோட்டம் கொடுத்திருந்த வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். லாரியில் ஏறும்போது சூசை என்னைப் பார்த்து, "நல்லாருங்கய்யா" என்றான். நக்கலா என்று இன்றும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அதே கோட்டோடு மூன்று பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தீப்பெட்டியில் அந்தப் பூச்சியையும் கொண்டுவந்தாள். மருத்துவப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் தெரிந்தது, ரோசம்மா சொன்னதுதான் உண்மை. மூவருக்கும் 'பூச்சிப் புண்' என்று எழுதி மருந்து போட்டேன். பழைய அறிக்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. துரை என்னை மட்டமாக நினைப்பார் என்ற பயம். அவ்வளவுதான் காரணம்.

ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, அவர்கள் பாகான் டத்தோவில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ரோசம்மா மட்டும் இருந்தாள். சூசை இறந்து பல வருடம். வேறு எந்தத் தோட்டமும் அவனைச் சேர்க்கவில்லையாம். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை.

"அப்பவே சொன்னேன்ல? என் மகன் இன்னைக்கும் அப்பா ஊத்தினாருன்னுதான் நெனைக்கிறான். நான் சொன்னா, புருஷன காப்பாத்துறேங்கிறான். நீங்க எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா நம்புவான்."

அந்தப் பழைய அறிக்கையையே வாங்கித் திருத்தித் தரலாமென்று தோட்டத்துக்குப் போனேன். லயம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. பால் கொட்டாய் இருந்த இடத்தில் வீடமைப்புத் திட்டத்தின் புது வீடுகள். ஆபீஸ் காகிதங்கள் எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். இங்கே தோட்டமா இருந்தது என்று அவன் திருப்பிக் கேட்டான். பிறகு நானே ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பக்கம். அதற்கு ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். கொண்டுபோனபோது ரோசம்மாவை அடக்கம் செய்து நாளாகியிருந்தது. மகன் சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ என்றார்கள் பக்கத்து வீட்டில்.

கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உறையின்மேல் எதுவும் எழுதவில்லை. அவள் மகனின் பெயரை அன்று நான் கேட்கவே இல்லை.