எஸ்தர் டீச்சரின் நேர்பார்வை

போன செவ்வாய்க்கிழமை காலை, பிரார்த்தனை மணி அடிக்கும் நேரத்தில் எஸ்தர் டீச்சரின் தம்பி செவிலிமேட்டிலிருந்து சைக்கிளில் பள்ளிக்கு வந்தார். "அக்கா போயிட்டாங்கம்மா. தூக்கத்துலயே" என்றார். கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் பள்ளியில் டீச்சரிடம் கணக்குப் படித்த உங்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

என் மகள் மல்லிகாவுக்கு மூன்று வயது நடந்தபோது இடது கண் மூக்குப் பக்கம் திரும்பத் தொடங்கியது. எதையாவது கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்த்தால் இன்னும் திரும்பும். "மாறுகண் அதிர்ஷ்டம்பா, ஒரு தறி ரெண்டு தறியாகும்" என்று என் கணவரிடம் நாத்தனார் சொன்னார். நெசவாளரான என் கணவருக்கு அது பிடித்திருந்தது. நானும் நம்பவே விரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு, யாரும் கூப்பிடாமலே எஸ்தர் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் ஒரு கண் உள்பக்கம் திரும்பியிருக்கும். அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அன்று பேசினார்.

"என் கண்ணையும் அதிர்ஷ்டம்னுதான் சொன்னாங்க, கமலா. கோணலா இருக்குதுன்னு எனக்கு வருத்தமில்ல. அந்தக் கண்ணால ஒரு எழுத்துகூட படிக்க முடியாது, அதுதான் வருத்தம். சின்ன வயசுலயே பாத்திருந்தா சரியாயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. உன் பொண்ணுக்கு இன்னும் நேரம் இருக்குது."

என் கணவர் தயங்கினார். "பொம்பளப் புள்ளைக்குக் கண்ணாடி மாட்டினா நாளைக்கு யாரு டீச்சர் கட்டிப்பாங்க?"

"என்னையும்தான் யாரும் கட்டிக்கல. நான் கண்ணாடியா போட்டிருந்தேன்?" என்றார் அவர். கணவர் உள்ளே போய்ப் பஸ் செலவுக்குப் பணம் எடுத்துவந்தார்.

மறுவாரம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டீச்சரும் நானும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டுச் சோதித்தார். குழந்தைக்குத் தூரப்பார்வை, தெளிவாகப் பார்க்கக் கண் படும் சிரமத்தில்தான் அது உள்ளே இழுத்துக்கொள்கிறது, கண்ணாடி அந்தச் சிரமத்தைக் குறைக்கும் என்றார். திரும்பிய கண்ணை மூளை ஒதுக்க ஆரம்பித்துவிட்டதால், அதைப் பழக்க, நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வைக்கவும் சொன்னார்.

முதல் நாள் நல்ல கண்ணைப் பிளாஸ்திரியால் மூடியதும் மல்லிகா என் முகத்தைக் கையால் தடவினாள். "அம்மா, உன் மூஞ்சி சரியா தெரியலமா" என்று அழுதாள். நான் பிளாஸ்திரியைப் பிய்க்கப் போனேன். கூட இருந்த டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காத. அந்தக் கண்ணு இன்னிக்குத் திடீர்னு மங்கிப்போகல. நமக்குத்தான் இன்னிக்குத் தெரிஞ்சிருக்குது."

அதன்பிறகு மாலைதோறும் வந்தார். பட்டுநூல் துண்டுகளைத் தரையில் கொட்டி, நிறம் பிரிக்கச் சொல்லி அவளோடு உட்கார்ந்திருப்பார். மாதங்கள் ஓடின. ஒரு நாள், நல்ல கண் மூடியிருக்கும்போதே மல்லிகா, "டீச்சர், உங்க மூக்குல குட்டியா மரு இருக்குது" என்றாள். டீச்சர் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடி போட்டால் அவள் கண்கள் நேராகவே நின்றன.

சில வருடங்கள் கழித்து டீச்சர் தன் கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார். தசையைச் சரிசெய்தால் கண் நேராகும், பார்வை வராது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பிறகு எதற்கு என்று கேட்டேன்.

"கிளாஸ்ல ஒருத்தியப் பாத்து 'நீ சொல்லு'ன்னா பக்கத்துல இருக்கறவ எழுந்து நிக்கறா, கமலா. வேலைக்கு வந்த நாள்லேருந்து இதான்."

விடுப்பு முடிந்து வந்த அன்று அவர் வகுப்பு வாசலில் நான் நின்றிருந்தேன். பெயர் சொல்லாமல் ஒரு பெண்ணைப் பார்த்தார். "நீ சொல்லு." அவளே எழுந்தாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, வெகுநேரம் எதுவும் எழுதாமல் நின்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, கேட்காதவர்களிடமும் சொல்லிவிடும் துணிவு. நேற்று ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்த ஒரு குழந்தைக்குக் கண் உள்ளே திரும்பியிருந்தது. டாக்டரிடம் காட்டும்படி அதன் தாயிடம் சொன்னேன். அவள் முகம் சுளித்தாள். திரும்பவும் சொன்னேன்.