எங்கள் பஞ்சாயத்துக்கு வந்த பாலே நடனக்காரி

எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தில் விசாரிக்கப்பட்ட ஒரே வெளிநாட்டுப் பெண்மணி ஒரு பாலே நடனக்காரி. நேரில் வரவில்லை. சின்னப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்காகக் கொட்டை எழுத்தில் அச்சடித்த அவருடைய வாழ்க்கை வரலாறு வந்திருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மகள் ஐந்தாவது முடித்தாள். ஆறாவது படிக்க மாமல்லபுரத்துக்குப் போகவேண்டும். நானும் ஐந்தாவதோடு நின்றவன்தான். கடலுக்குப் போகிறவனுக்கு அதுவே அதிகம் என்றார்கள். அவளும் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் எனக்கில்லை. எங்கள் வீட்டில் அந்த வேலைக்கு என் மனைவி இருந்தாள்.

பெண்பிள்ளைக்குச் சோறு போடுவது தகப்பன், முடிவு சொல்வது தாய்மாமன். இது எங்கள் பக்கத்து வழக்கம். என் மனைவியின் அண்ணன் இந்தப் பாரத்தைப் பெரிய தியாகத்தோடு சுமந்தார். அவர் வீட்டில் கருவாடு காயவைக்க ஆள் போதவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. என் மகள் வாசிப்புப் போட்டியில் பரிசாக வாங்கிவந்த அந்தப் புத்தகத்தை ஒருநாள் அவர் புரட்டினார். அவருக்கு எழுத்து தெரியாது. குட்டைப் பாவாடை கட்டி, கால்விரல் நுனியில் நிற்கும் பெண்ணைப் பார்க்க எழுத்து எதற்கு?

“இன்னா மாப்ள இது? தொடை தெரிய நின்னுகினு கீறா ஒருத்தி. இதுக்கா இஸ்கூலு? பொண்ண நிறுத்து.”

வழக்கம்போலப் பதிலை மனைவி சொன்னாள். விஷயம் பஞ்சாயத்துக்குப் போனது.

கடலுக்குப் போகாத ஒரு காலையில் கோயில் முன்னால் மணலில் கூடினோம். சபையில் பெண்கள் உட்காரக் கூடாது. அதனால் கட்டுமரங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லோரையும்விட அதிகமாகப் பேசுவார்கள். சபையில் எழுந்து நின்று சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கக் கூடாது என்றும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதற்குப் பயந்தே நான் நாற்பது வயதுவரை உட்கார்ந்திருந்தேன்.

தலைவர் அந்தப் படத்தை, நியாயம் சொல்லத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். “உள்ள இன்னா போட்டுக்கீது? யாராச்சும் படிங்கப்பா.”

எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். படிக்காமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. உட்கார்ந்தபடியே வாய்க்குள் படிக்க ஆரம்பித்தேன்.

“சத்தமா படிய்யா. நண்டுக்கா சொல்ற?”

“என்னாண்டயே அவ்ளோதான் பேசுவாரு, தலைவரே!” என்றாள் என் மனைவி கட்டுமரத்துக்குப் பின்னாலிருந்து.

பக்கத்துக்கு மூன்று வரிதான். எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த புத்தகம். பனி கொட்டும் ஊர். அப்பா இல்லாத சிறுமி. நடனப் பள்ளியில் சேர்கிறாள். விரல் நுனியில் நின்று நின்று காலில் ரத்தம் கட்டுகிறது.

“எதுக்கு நுனில நிக்கணும்? தரை சுடுதா?”

“பனின்னு இப்பதான படிச்சாரு? சில்லுனு இருக்கும்யா.”

“அலை அடிக்கறப்போ கட்டுமரத்துல நாம வெரல ஊணிகினு நிக்கல? அத்த மாதிரிதான்.”

இது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அந்த நிமிடமே அந்தப் பெண் எங்கள் குப்பத்துக்காரி ஆகிவிட்டாள். பாவாடையின் நீளத்தை அதற்குப் பிறகு யாரும் அளக்கவில்லை.

அடுத்த பக்கத்தில் பெரிய டீச்சர் சொல்கிறார்: ‘உன் கால்களில் பலம் இல்லை. வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு உதவி செய்.’ சிறுமி அழுதுகொண்டே துணிகளை மூட்டை கட்டுகிறாள்.

உப்புக்காற்றில் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். என் மச்சானால் அதுவரை பொறுக்க முடியவில்லை. துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்றார்.

“இன்னா அநியாயம் இது! படிச்சிகினு கீற பொண்ண வூட்டுக்குப் போன்னா இன்னா அர்த்தம்? கேக்கறதுக்கு அதுக்கு ஒரு தாய்மாமன் இல்லியா?”

சபை முழுவதும் அவர் நின்ற கால்களையே பார்த்தது. கட்டுமரங்களுக்குப் பின்னாலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

“நல்லா கேட்ட அண்ணாத்த!” என்றாள் என் மனைவி. “நின்னுகினே கேட்ட!”

அவர் சட்டென்று உட்கார்ந்தார். பிரயோசனமில்லை.

“தாய்மாமனே எந்திரிச்சு சொல்லிட்டாரு, பொண்ணு போவட்டும்,” என்றார் தலைவர். பிறகு என்னைப் பார்த்தார். “நீ மேல படிய்யா. அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?”

பிழைத்தது, ஆடியது, பெரிய பேர் வாங்கியது. என் மச்சான் மட்டும் அதைக் கேட்காமல் எழுந்து போய்விட்டார்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். “உங்க அப்பன் முழுங்கி முழுங்கிப் படிச்சது ஒண்ணும் விளங்கல. நீ படி பாப்பா,” என்று மகளிடம் சொல்லிக் கடைசிவரை கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“கருவாட்டுக்கு ஆளு இல்ல மாப்ள. கடல்லேர்ந்து வந்தா நீ சும்மாதான கீற?”

எனக்கு மறுத்துப் பேச வராது. அந்த வருடம் முழுவதும் அவர் வீட்டு மணலில் குந்திக் கருவாடு திருப்பிப் போட்டேன். மகள் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்புவாள். மூக்கைப் பொத்திக்கொண்டு.