சித்தப்பா மேடையேற்றிய சண்டை

அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளாமல் இருந்த அந்த ஒரு மாதமும் எங்கள் வீட்டுத் தபால்காரி நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. வேம்பாரில் மாமா பிள்ளையின் ஞானஸ்நான விருந்துக்கு அப்பா போகவில்லை, அதுதான் சண்டை. இருவர் கையிலும் செல்போன் இருந்தது. ஆனாலும் தேய்ந்தது என் கால்தான்.

"கொழம்புல உப்பில்லன்னு உங்க அம்மாட்ட சொல்லு."

"தூத்துக்குடியில உப்புக்கா பஞ்சம்? எந்திரிச்சுப் போட்டுக்கிடச் சொல்லு."

இருவருக்கும் நடுவே நாலடி தூரம்கூட இருக்காது. இருந்தும் நான் போய்ச் சொன்னால்தான் காதில் விழுந்ததாகக் கணக்கு. சிரிப்பு வரவில்லை எனக்கு. அம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் பிறந்த வீடான வேம்பாருக்கே போய்விடுவாளோ என்று பயந்து செத்தேன்.

அடுத்த தெருவில் இருந்த சித்தப்பா மட்டும் விசாரிப்பார். "ஏளா, இன்னைக்கு என்ன சண்டை?" என்று ஒரு முந்திரி மக்ரூன் இனிப்பை நீட்டுவார். நான் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிடுவேன்.

மாதா கோயில் திருவிழா நாடகத்தை எழுதுவது சித்தப்பாதான். அந்த வருஷம் மனைவி வேடமும் அவரே கட்டினார். மீசையை மழித்து, அம்மாவிடமே இரவல் வாங்கிய சேலையை உடுத்தியிருந்தார். மைதானத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே கயிறு.

இரண்டாம் காட்சியில் மேடைப் புருஷன் தன் பிள்ளையைக் கூப்பிட்டு, "கொழம்புல உப்பில்லன்னு உங்க அம்மாட்ட சொல்லு" என்றான். சித்தப்பா இடுப்பில் கைவைத்து, "தூத்துக்குடியில உப்புக்கா பஞ்சம்?" என்று ஆரம்பித்ததும் மைதானமே சிரித்தது. செத்தேன், இன்றோடு என் தோல் உரிந்தது என்று நினைத்தேன்.

அம்மா விருட்டென்று எழுந்தாள். நேரே கயிற்றருகே போய் அப்பாவைப் பார்த்துக் கத்தினாள்.

"உங்க தம்பி செய்யுத வேலையப் பாத்தியளா? நம்ம மானம் கப்பலேறுது, நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கிய!"

"நாடகம் முடியட்டும். ரெண்டு பேருமா அவன ஒரு வழி பண்ணுவோம்" என்றார் அப்பா.

ஒரு மாதத்தில் நான் சுமக்காத முதல் பேச்சு அது.

வேடம்கூடக் கலைக்கவிடாமல் சித்தப்பாவை வீட்டுக்கு இழுத்து வந்தார்கள். அப்பா திட்டி மூச்சுவாங்கிய இடத்தில் அம்மா தொடர்ந்தாள். அம்மா மறந்ததை அப்பா எடுத்துக்கொடுத்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சித்தப்பா, "மதினி, பசிக்கி" என்றார். அம்மா எங்கள் மூன்று பேருக்கும் தட்டு வைத்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வீட்டுக்குள் பேசியது மேடைக்கு எப்படிப் போனது என்று மட்டும் இருவரும் கேட்கவே இல்லை. மாதாதான் அதை அவர்களுக்கு மறக்கடித்தாள் என்று நம்பி, மறுநாள் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன். அவர்கள் மறக்கவில்லை என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது. கேட்டால் என் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஒரு மாதம் என்னை நடுவில் ஓடவிட்ட பிறகு அதற்கு இருவருக்குமே தைரியம் இல்லை.