உதாரண வாக்கியத்தில் அப்பா

ஆங்கிலச் சொல்வளம் பெருக்கவென்று என் கைபேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறேன். காலையில் வேலைக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு சொல் வரும். பொருள், அதே பொருள் தரும் வேறு சொற்கள், கடைசியில் ஓர் உதாரண வாக்கியம். இன்றைய சொல் 'பெரிஷ்'. 'கிழவர் குளிரில் மடிந்தார்' என்று உதாரணம். விடிந்தும் விடியாமலும் ஒரு சாவு! நான் பிழைக்க வந்த இந்த நாட்டு வாக்கியங்களில் யார் வேண்டுமானாலும் சாகலாம், எழுதியவருக்கு வாய் கூசுவதே இல்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், நடவும் அறுப்புமாக இருந்த எங்கள் வீட்டில் அப்படியில்லை. வாய்தவறி எதையாவது சொல்லிவிட்டால், "அச்சானியமாப் பேசாதடி, வாயக் கழுவு" என்று அம்மா அடிக்க வருவாள். அந்த வாயோடுதான் இங்கே நூலகத்தில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போனேன். 'ட்ரவுன்' என்ற சொல்லுக்கு மற்றவர்கள் மாமாவையும் சித்தப்பாவையும் தண்ணீரில் மூழ்கடித்து வாக்கியம் எழுதினார்கள். நான், 'இந்த வருடம் காவிரியில் யாரும் மூழ்கவில்லை' என்று எழுதினேன். 'ஆர்ஃபன்' வந்தபோது, 'எங்கள் தெருவில் அனாதை யாருமில்லை' என்றேன். ஆசிரியை மார்கரெட் சிரித்துவிட்டார். "உங்கள் ஊரில் யாருக்கும் எதுவுமே ஆகாதா?" ஆகும், ஆனால் சொல்ல மாட்டோம் என்று விளக்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

போன தை மாதம் அண்ணன் கூப்பிட்டான். "அப்பாவுக்கு ஒரு மாதிரியா இருக்கும்மா. நீ வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயேன்." அவனும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் மேலாளரிடம் ஓடினேன். 'டையிங்' எனக்குத் தெரிந்த சொல்தான். பொருள் தெரியும், இணைச்சொற்கள் தெரியும். அதை 'மை ஃபாதர்' என்பதற்குப் பக்கத்தில் வைக்கத்தான் முடியவில்லை. என் வாயால் சொன்னால் அதுவே பலித்துவிடும் என்று பயந்தேன். "மை ஃபாதர் இஸ் நாட் வெல்" என்றேன். "அடடா, சீக்கிரம் குணமாகட்டும். இந்த வாரம் ஆள் குறைவு. அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொள்கிறாயா?" என்று கனிவாகத்தான் கேட்டார். அவர் மேல் தப்பில்லை. எங்கள் ஊர்க்காரராக இருந்தால் என் முகத்தைப் பார்த்தே, "கிளம்பும்மா மொதல்ல" என்றிருப்பார். நான் தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் நான் ஊரில் போய் இறங்கியபோது, சாம்பலைக் காவிரியில் கரைத்துவிட்டு வந்த அண்ணன் ஈர வேட்டியோடு வாசலில் நின்றான். "கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு" என்றான். ஒரே ஒரு வாக்கியம். அன்று மேலாளரிடம் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பேன். இன்றும் மனசு ஆறவில்லை.

திரும்பி வந்து வகுப்புக்குப் போனபோது அப்பா போய்விட்டதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைய சொற்களில் 'டை' என்பதும் இருந்தது. இனி எதற்குப் பயம்? 'மை ஃபாதர் இஸ் டையிங்' என்று எழுதி நீட்டினேன். மார்கரெட் இந்த முறை சிரிக்கவில்லை. ஒருநாளும் இப்படி எழுதாதவள் எழுதியிருக்கிறாளே என்று பதறிவிட்டார். எழுந்து போய், மாட்டியிருந்த என் கோட்டை எடுத்துவந்து கையில் திணித்தார்.

"இன்னும் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறாய்? வீட்டுக்குப் போ! உடனே போ!"

கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். என் வாடகை வீட்டுப் பக்கம் போகும் பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து எனக்காகக் காத்திருந்தது. வீட்டுக்குப் போ என்றுதானே சொன்னார். நான் ஏறாமல் நின்றேன்.