தெம்பு

தொண்ணூறுகளின் நடுவில் பக்கவாதம் வந்து என் கணவரின் வலப்பக்கம் செயலிழந்தது. ஆர்.எஸ்.புரம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். ஒரு நாள் கட்டிலிலிருந்து அவரை எழுப்பும்போது என் முழங்கால் மடங்கி, இருவருமே தரையில் விழுந்தோம். என்னாலும் எழ முடியவில்லை. பக்கத்து வீட்டார் வரும்வரை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவருக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபிஸ்ட் பெண் மறுநாள் என்னிடம் சொன்னாள்: "அக்கா, உங்க காலுலயும் பலமே இல்லீங்க. நீங்களும் எடை தூக்கிப் பழகோணுமுங்க."

ஐம்பது வயதுக்கு மேல் இதெல்லாமா என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். தண்ணீர் நிரப்பிய கேன்களைத் தூக்கினேன். மெல்ல முழங்கால் வலி குறைந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு காலையில், அவரை நான் ஒருத்தியாகவே தூக்கி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"ஏன் அம்மணி, உனக்குத் தெம்பு கூடிப்போச்சா, இல்லாட்டி நான் எளைச்சுப்போயிட்டனா?"

அவர் பாதியாக இளைத்திருந்தார். தூக்கிய என் கைகளுக்கு அது தெரியும்.

"எனக்குத்தானுங்க தெம்பு கூடிப்போச்சு" என்றேன். அவர் சிரித்தார், நம்பியவர் போல.

அந்த மாதமே போய்விட்டார்.

நான் பயிற்சியை நிறுத்தவில்லை. வயது கூடியும் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நடக்கிறேன். அவரைத் தூக்கத்தான் இந்தப் பலத்தைச் சேர்த்தேன். அவர் இல்லாத வீட்டில் அதை வைத்துக்கொண்டுதான் வாழ்கிறேன்.